இரண்டு வரிக்கு நடுவே பத்து வரி

ஓசூர் சிப்காட்டின் சின்ன மெஷின் ஷாப்புகளில் ஒரு அட்டவணையைப் பார்க்கலாம். சில இடத்தில் பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். சில இடத்தில் ஆபரேட்டரின் பாக்கெட் நோட்டில் கையெழுத்தாக இருக்கும். இடது பக்கம் துளைகளின் எண்ணிக்கை, வலது பக்கம் ஒரு தசம எண். 5 துளை என்றால் 0.58779. 6 துளை என்றால் 0.5. 8 துளை என்றால் 0.38268. ஒரு வட்டத் தட்டில் சம இடைவெளியில் துளை போட வேண்டும். துளைகள் உட்காரும் வட்டத்தின் விட்டத்தை, ஷாப் மொழியில் பிசிடியை, இந்த எண்ணால் பெருக்கினால் ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் எவ்வளவு தூரம் என்று வந்துவிடும். 100 மில்லிமீட்டர் பிசிடியில் 5 துளை என்றால் 58.779. அவ்வளவுதான். ஏன் 0.58779 என்று அட்டவணை சொல்லாது. கேட்கவும் நேரமிருக்காது, அடுத்த ஜாப் காத்துக்கொண்டிருக்கும்.

இந்த அட்டவணையை ஒரு நூலாகவே வைத்துப் பேச நினைக்கிறேன். அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, முன்னுரை இல்லை, வாசகர் மட்டும் உண்டு. பள்ளியோடு கணக்கை விட்டுவிட்டு, இருபத்தைந்து முப்பது வயதில் அதைத் திரும்பக் கையிலெடுக்க நினைப்பவர் அந்த வாசகர். 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்யத் தொடங்கிய ஊர் இது. இந்த நாற்பத்துச் சொச்சம் வருடத்தில் தர்மபுரி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்து வந்தவர்களின் தலைமுறைகள் இங்கே ஷிஃப்ட் பார்த்திருக்கின்றன. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெங்களூர். அங்கே அதே கணக்கு வேறு சம்பளத்துக்கு விற்கிறது. "மேத்ஸ் மட்டும் வந்திருந்தா" என்ற வாக்கியத்தை இந்த ஊரில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்கலாம்.

அப்படித் திரும்பி வருகிறவருக்கு நம்மிடம் என்ன நூல்கள் இருக்கின்றன? அவை அவரை யார் என்று நினைத்துப் பேசுகின்றன? ஒரு கவிதைத் தொகுப்பை விமர்சிக்கும்போது அதன் குரல் யாரை நோக்கியது என்று கேட்கிறோம். கணக்குப் புத்தகத்திடம் அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

1

தமிழில் சுயமாகக் கணக்கு படித்தவரின் கதை என்றால் ஒன்றுதான். ராமானுஜன். 1887இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் சொல்ல, கேம்பிரிட்ஜ் போய், முப்பத்திரண்டு வயதில் இறந்தவர். ஞான ராஜசேகரன் 2014இல் எடுத்த படம், அடுத்த வருடம் வந்த ஆங்கிலப் படம், பள்ளிப் பாடத்தில் வரும் ஒரு பக்கம் என எங்கே பார்த்தாலும் எலும்புக்கூடு இதுதான். இது வாசகருக்குக் கொடுப்பது பெருமை. பெருமையோடு சேர்த்து இன்னொரு செய்தியையும் ஓசையில்லாமல் கொடுக்கிறது: கணக்கு சிலருக்கு வரும், வந்தால் தெய்வம் மாதிரி வரும், உனக்கு வரவில்லை என்றால் வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட மோசமான கதை கிடையாது.

ஆனால் அதே வாழ்க்கையில் வேறொரு கதை இருக்கிறது. ராபர்ட் கனிகல் 1991இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் பொறுமையாகப் படித்தால் தெரியும். 1903இல் ராமானுஜன் கைக்கு வந்த புத்தகம், ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் தொகுத்த 'சினாப்சிஸ்'. முதல் தொகுதி 1880, இரண்டாவது 1886. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள், வரிசை எண் போட்டு அடுக்கப்பட்டவை. நிரூபணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பல இடத்தில் 'இன்ன எண்ணைப் பார்' என்பதோடு முடிந்துவிடும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் கடைசி நேரத்தில் புரட்டிப் பார்ப்பதற்கான புத்தகம் அது. நம் பாஷையில் சொன்னால் கைடு.

கார் ஒன்றும் மேதை இல்லை. லண்டனில் டியூஷன் எடுத்துப் பிழைத்தவர். 1837இல் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தது 1876இல், ஏறக்குறைய நாற்பது வயதில். பி.ஏ. வாங்கியது 1880இல், முதல் தொகுதி வந்த அதே வருடம். தன் பாதி வயதுப் பையன்களோடு உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவர் தொகுத்த கைடிலிருந்துதான் நம் மேதை கிளம்பினார். கனவில் வந்த தாயாரைச் சொல்கிற எந்தப் படமும் இந்த நடுவயது மாணவரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. திரும்பப் படிக்க வருகிறவருக்கு ராமானுஜன் கதையில் சொந்தக்காரர் யாராவது உண்டென்றால், அது கார்தான்.

இன்னொன்று. ராமானுஜன் தனியாள் என்பதும் பாதி உண்மைதான். கல்லூரித் தேர்வுகளில் தோற்று வேலையில்லாமல் அலைந்த வருடங்களில், 1910 வாக்கில், அவர் போய்ப் பார்த்தது வி. ராமஸ்வாமி ஐயரை. டெபுடி கலெக்டர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது, மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணக்குப் பைத்தியம். வேலை முடிந்த பிறகு இரவில் இரண்டு பேரும் பலகை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் எழுதுவது நாராயண ஐயருக்கே பிடிபடாது. அப்போது அவர், என் மட்டத்துக்கு இறங்கி வா, உன் இரண்டு வரிக்கு நடுவே ஒரு பத்து வரியாவது எழுது என்று கேட்டுக்கொண்டதாக நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன.

என் வாசிப்பில் ராமானுஜன் கதையின் மிக முக்கியமான இடம் இதுதான். 1913 ஜனவரி 16ஆம் தேதி ஹார்டிக்குப் போன கடிதத்துக்குப் பின்னால் இந்த இரவுகள் இருக்கின்றன. அந்தக் கடிதத்தில் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது வருடம் 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தாவாகத்தான். வேலைக்குப் போய்க்கொண்டே படித்த ஓர் ஆள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, 'இது புரியலைப்பா, நடுவுல எழுது' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்த இன்னொருவர் எப்படிக் கிடைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இதுவும் ஒரு தேவதைக் கதையாகிவிடும். ஐயர், ராவ் என்று முடியும் அந்தப் பெயர்களைப் பாருங்கள். ஆங்கில அரசாங்கத்தில் உயர்பதவி, ஒரே சாதி வட்டம், ஒரு கடிதத்தோடு போனால் திறக்கும் கதவு. ராமானுஜனின் வறுமை உண்மை. அந்த வறுமைக்குள்ளும் அவருக்குக் கதவுகள் இருந்தன என்பதும் உண்மை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கி, பெட்டை ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்கிறவருக்கு நாராயண ஐயர் எங்கே கிடைப்பார்? சூபர்வைசர் 'டார்கெட் என்னாச்சு' என்றுதான் கேட்பார். சுயக்கல்வி என்று நாம் புகழ்கிற விஷயத்தில் 'சுய' என்பது எவ்வளவு, கூட இருந்தவர்கள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ராமானுஜனை உதாரணம் காட்டுவது ஒருவகை ஏமாற்று.

2

விடை மட்டும் இருக்கும் புத்தகம் நமக்கு வெளியூரிலிருந்து வந்ததல்ல. காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' அந்த வகைதான். நிலம், பொன், நெல், கல் என்று பிரித்துப் பிரித்துச் செய்யுளில் விதி சொல்லும். பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணும் வழி அதில் ரொம்பப் பிரபலம்: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. ஏன் ஆறு, ஏன் ஐந்து? செய்யுள் பேசாது. துளை அட்டவணை மாதிரியேதான்.

திண்ணைப் பள்ளியின் எண்சுவடியும் அப்படித்தான். முந்திரி என்றால் 1/320, காணி 1/80, மா 1/20. இவற்றின் பெருக்கல்களைப் பையன்கள் தினமும் உரக்கச் சொல்லி மனனம் செய்தார்கள். 2022இல் வந்த தன் ஆங்கில நூலில் து. செந்தில்பாபு இந்த உலகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். மனனத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடக் கூடாது, அதற்குள் ஒரு கற்கும் முறை இருந்தது என்பது அவர் வாதம். அதே சமயம், கணக்கு தெரிந்தவர் கையில் ஊரின் நிலமும் வரியும் இருந்தது என்பதையும் அவர் மறைப்பதில்லை. கோல் பிடித்து வெயிலில் நிலம் அளந்தவர் ஒருவர், சுவடியில் எழுதியவர் இன்னொருவர். ஓசூரில் இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். துளை போடுபவர் ஒருவர், டிராயிங் போடுபவர் இன்னொருவர்.

இன்று இணையத்தில் தமிழ்க் கணக்கு என்றாலே முதலில் வந்து விழுவது போதையனார் பெயரில் சுற்றும் ஒரு செய்யுள். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் கண்டுபிடிக்க ஒரு விதி. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளிவிடு. மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டு. வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். 'பிதாகரஸுக்கு முன்பே தமிழன்' என்று ஒரு கூட்டம் பகிரும். 'இது சும்மா டூப்பு' என்று இன்னொரு கூட்டம் கமெண்ட் போடும். இரண்டு கூட்டமும் செய்யுளைப் படிப்பதில்லை. ஒரு பாடலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு அதைப் படிக்காமல் இருப்பது இலக்கியத்தில் நடந்தால் நாம் எவ்வளவு கோபப்படுவோம்!

படித்துப் பார்க்கலாம். 300க்கு 400 தகடு. 400இல் எட்டில் ஏழு 350. 300இல் பாதி 150. கூட்டினால் 500. மிகச் சரி. 5க்கு 12 எடுத்தால்? 10.5, அதோடு 2.5. மொத்தம் 13. அதுவும் மிகச் சரி. இப்போது 100க்கு 100 சதுரத் தகடு. 87.5, அதோடு 50. மொத்தம் 137.5. ஆனால் உண்மையான மூலைவிட்டம் 141.42. கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் குறைகிறது. மைக்ரானில் டாலரன்ஸ் பார்க்கிற ஊரில் 4 மில்லிமீட்டர் என்றால் அந்த ஜாப் நேராக ஸ்கிராப் தொட்டிக்குப் போகும்.

அப்போது விதி தப்பா? இங்கேதான் பத்தாம் வகுப்புக் கணக்கு கைகொடுக்கிறது. நீளப் பக்கத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பக்கம் அதில் எத்தனை பங்கோ அதைத் 'த' என்போம். உண்மையான கர்ணம் (1 + த²) என்பதன் வர்க்கமூலம். செய்யுள் சொல்வது 7/8 + த/2. இரண்டும் எப்போது சமமாகும்? இருபக்கமும் வர்க்கம் எடுத்து, பின்னம் போக 64ஆல் பெருக்கி, ஒழுங்குபடுத்தினால் வருவது:

48த² − 56த + 15 = 0

இருபடிச் சமன்பாடு. பள்ளியில் உருப்போட்ட அதே சூத்திரத்தைப் போட்டால் இரண்டே விடை: த = 3/4, த = 5/12.

கொஞ்சம் நின்று இதைப் பாருங்கள். விதி சரியாக வேலை செய்கிற முக்கோணங்கள் இரண்டே இரண்டு வடிவம்தான். 3-4-5, 5-12-13. கொத்தனாரும் தச்சரும் மூலைமட்டம் பார்க்கப் பயன்படுத்துகிற முக்கோணங்களில் முதலாவது இதில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வடிவத்தை எடுத்தாலும் விதி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடாது. அந்த எல்லைக்கு வெளியே போகப் போகக் குறைவாகக் காட்டும். சதுரத்தில் நூற்றுக்கு 2.8 குறையும். சின்னப் பக்கம் ரொம்பச் சின்னதாகிவிட்டால் நூற்றுக்கு 12.5 வரை குறையும். ஆக, இது தெரிந்த இரண்டு முக்கோணங்களைப் பிடித்துக்கொண்டு நடுவே நேர்கோடு இழுத்த மாதிரியான விதி. பிதாகரஸ் தேற்றத்துக்கு மாற்று இல்லை, டூப்பும் இல்லை. ஓட்டுவீட்டுக்கு மரம் அறுக்கிறவருக்குக் கச்சிதமான சட்டம். எங்கே உடையும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் இன்றைக்கும் பயன்படுத்தலாம்.

இந்த விமர்சனத்துக்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்பில் எதற்கென்றே தெரியாமல் நாம் மனனம் செய்த ஒரு சூத்திரம் போதுமாக இருந்தது. பெரியவராகி, கையில் ஒரு கேள்வியோடு திரும்பி வரும்போதுதான் அந்தச் சூத்திரத்துக்கு வேலை வருகிறது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், வயதான பிறகு கணக்குப் படிப்பதால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு. பெருமைக்கும் கேலிக்கும் நடுவில் நின்று ஒரு செய்யுளை நாமே படித்துப் பார்க்க முடிகிறது. வாட்ஸப்பில் வருகிற எதையும் இப்படிப் பார்க்கலாம்: வட்டிக் கணக்கு, சீட்டுக் கம்பெனி விளம்பரம், சர்வே எண்கள். யாருடைய தயவும் வேண்டாம்.

3

விடை மட்டும் சொல்லும் புத்தகங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு புத்தகத்தை வைக்க வேண்டுமென்றால் நான் சில்வானஸ் தாம்சனின் 'கால்குலஸ் மேட் ஈஸி'யை வைப்பேன். 1910இல் ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்தது. தாம்சன் லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர், மின்பொறியியல் பேராசிரியர். பட்டறைக்கும் மின்சாரக் கம்பெனிக்கும் போகப்போகிற பையன்களுக்குப் பாடம் எடுத்தவர். நம் ஐடிஐ, பாலிடெக்னிக் உலகத்துக்கு ரொம்பப் பக்கம். காப்புரிமை முடிந்துவிட்டதால் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அவர் செய்கிற முதல் காரியம் குறியீட்டின் பயத்தை எடுப்பது. ஓர் எழுத்துக்கு முன்னால் 'டி' போட்டிருந்தால் அதில் கொஞ்சூண்டு என்று அர்த்தம், நீளமான எஸ் மாதிரி வளைந்த கோடு இருந்தால் அந்தக் கொஞ்சூண்டுகளின் மொத்தம் என்று அர்த்தம், போ. அடுத்து அவர் வைப்பது சிறுமைக்குள் சிறுமை என்ற யோசனை. ஒரு மணியில் நிமிடம் சின்னது. நிமிடத்தில் செகண்ட் சின்னது. மணியோடு ஒப்பிட்டால் செகண்ட் சின்னதிலும் சின்னது, அதை விட்டுவிடலாம்.

தமிழில் இதை விளக்க வெளியே போகவே வேண்டாம். நம் பின்ன எண்களில் முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி இருக்கிறது. முந்திரி 1/320. கீழ்முந்திரி, முந்திரியில் 320இல் ஒரு பங்கு, அதாவது 1/1,02,400. 'கீழ்' என்ற ஒரு சொல்லுக்குள் தாம்சன் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்ல வந்தது உட்கார்ந்திருக்கிறது.

ஷாப் ஃப்ளோரில் இது இன்னும் எளிதாகப் புரியும். 10 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம், பரப்பு 100. பக்கம் 0.01 கூடிவிட்டது, அதாவது 10 மைக்ரான். புதுப் பரப்பு 10.01 × 10.01 = 100.2001. கூடியது 0.2001. இதில் 0.2 என்பது இரண்டு ஓரத்திலும் ஒட்டிக்கொண்ட இரண்டு மெல்லிய பட்டைகள். கடைசி 0.0001 என்பது மூலையில் ஒட்டிய பொட்டு. பட்டை முந்திரி என்றால் பொட்டு கீழ்முந்திரி. பொட்டை விட்டுவிட்டால், பக்கம் கூடியதைப் போல 20 மடங்கு பரப்பு கூடியிருக்கிறது. 20 என்பது பக்கத்தைப் போல இரண்டு மடங்கு. பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழு என்ற பெயரில் பயமுறுத்திய விஷயம் இவ்வளவுதான். வெர்னியர் பிடித்துப் பழகிய கைக்கு இது புதிதே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பொட்டை எந்த உரிமையில் விட்டுவிடுகிறோம் என்ற கேள்வியைத் தாம்சன் சிரித்துக் கடந்துவிடுகிறார். எல்லை என்ற கருத்தைக் கொண்டு அதைச் சரியாகக் கட்டுவதற்குக் கணித உலகம் நிறையவே உழைத்திருக்கிறது. 1998இல் இந்த நூலைத் திருத்தி வெளியிட்ட மார்ட்டின் கார்ட்னர், ஆரம்பத்திலேயே சார்பு, எல்லை, வகைக்கெழு என்று மூன்று அத்தியாயங்களைச் சேர்த்தார். கணித ரீதியாக நியாயம். ஆனால் வாசகராக எனக்கு அது பிடிக்கவில்லை. களைத்து வந்தவரை வாசலில் உட்கார வைத்து விதிமுறை படிக்கச் சொல்வது போல. தாம்சன் நேராக உள்ளே கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். பொட்டைப் பற்றிய கேள்வியை வாசகரே கேட்கும் நாள் வரும். அன்றைக்கு எல்லையைச் சொன்னால் அது பதிலாக இருக்கும். முதல் நாளே சொன்னால் அது இன்னொரு சூத்திரம்.

தாம்சனிடம் என் உண்மையான சண்டை தலைப்போடுதான். 'ஈஸி'. எளிது என்று சொல்லப்பட்ட ஒன்றில் மாட்டிக்கொண்டவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். பள்ளியில் ஏற்கெனவே அதைப் பட்டு வந்தவருக்கு இது இரண்டாம் அடி. லேன்சலாட் ஹாக்பென் 1936இல் எழுதிய 'மேத்தமேடிக்ஸ் ஃபார் தி மில்லியன்' இந்த இடத்தில் நேர்மையானது. எளிது என்று சொல்லாமல், இது உன்னுடையது, நிலம் அளந்தவரும் கப்பல் ஓட்டியவரும் செய்தது, ஆனால் பேனாவோடு உட்கார்ந்துதான் படிக்கணும் என்று சொல்கிறது. என்ன, வரலாறு பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்.

4

இனி நம் பக்கம். திரும்பப் படிக்க வருகிறவர் முதலில் திறப்பது தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத்தான். பிடிஎஃப் இலவசம். நல்ல அச்சு, வண்ணப் படங்கள், கியூஆர் கோடு. அதில் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. தொடக்கத்திலேயே கார்ட்டீசியன் பெருக்கல். வகுப்பில் ஆசிரியர் இருந்தால் இதைக் கடக்கலாம். தனியாகத் திறந்தவருக்கு இது சுவர். புத்தகத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை, அது அவருக்காக எழுதப்பட்டதே இல்லை. பதினைந்து வயது, எதிரே ஆசிரியர், மார்ச்சில் பரீட்சை என்று நினைத்து எழுதப்பட்டது. தனியாகப் படிக்கிறவர் ஆறாம் பாடமான முக்கோணவியலில் தொடங்கி, தேவைப்படும்போது பின்னால் போவது நல்லது என்று நான் நினைக்கிறேன். புத்தகம் அந்தச் சுதந்திரத்தை அவருக்குச் சொல்லித் தருவதில்லை.

பள்ளிப் புத்தகத்தை விட்டால் கண்ணில் படுவது டிஎன்பிஎஸ்சி கைடு. குரூப் 4இல் திறனறிவுக்கு 25 கேள்வி. அந்த 25க்காகக் குறுக்குவழிகள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையிலும் அதுதான் முன்வரிசை. வேலை வேண்டியவருக்கு அது வேண்டும், அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் குறுக்குவழி என்பது பத்து வரியை இரண்டாக்கும் கலை. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

கலைச்சொல் இன்னொரு தகராறு. சங்கப் பாட்டில் 'கெழு' பார்த்துப் பழகிய நம்மைப் போன்றவர்களே 'வகைக்கெழு'வில் தடுக்கி விழுவோம். அதற்காகத் தமிழ்ச் சொல்லே வேண்டாம், டயா, டாலரன்ஸ், சைன் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. சில சொற்கள் அப்படித் திறந்து காட்டுகின்றன. வட்டத்தின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டைப் பள்ளியில் 'நாண்' என்று படித்தோம். வில்லின் நாண். சைன் என்ற சொல்லின் பூர்வீகமும் நாண்தான். ஆரியபட்டர் பயன்படுத்திய அர்த்தஜ்யா என்றால் அரை நாண். அதில் 'ஜ்யா' அரபிக்குப் போய், அங்கே உச்சரிப்பு மாறி, வளைவு என்று பொருள்படும் லத்தீன் 'சைனஸ்' ஆகத் தவறாக மொழிபெயர்க்கப்பட்டு, நமக்கே சைனாகத் திரும்பி வந்தது.

இப்போது அந்தத் துளை அட்டவணைக்குப் போகலாம். அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களைச் சேர்க்கும் கோடு வட்டத்தின் நாண். 5 துளை என்றால் வட்டத்தின் 360 டிகிரி ஐந்தாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 72. நாணின் நடுவிலிருந்து வட்ட மையத்துக்கு ஒரு கோடு போட்டால் 72 பாதியாகி 36. நாணும் பாதியாகி அரை நாண். அரை நாண் என்பது ஆரத்தை 36 டிகிரி சைனால் பெருக்கியது. முழு நாண் அதைப் போல இரண்டு பங்கு. ஆரத்தின் இரண்டு பங்கு விட்டம். ஆக விட்டம் × 36 டிகிரி சைன். 36 டிகிரி சைன் 0.58779. 6 துளைக்கு 30 டிகிரி சைன், 0.5. ஆறு சமபக்க முக்கோணங்கள் சேர்ந்த அறுகோணத்தில் பக்கமும் ஆரமும் ஒன்று என்று வரைந்தே பார்த்துவிடலாம். இனி 7 துளை வந்தாலும் 11 துளை வந்தாலும் சுவரைப் பார்க்க வேண்டாம்: 180ஐத் துளை எண்ணிக்கையால் வகுத்து, சைன் எடுத்து, பிசிடியால் பெருக்க வேண்டியதுதான்.

சைன் பாரும் இதே கதை. 200 மில்லிமீட்டர் சைன் பாரில் 30 டிகிரி வேண்டுமென்றால் ஒரு முனைக்குக் கீழே 100 மில்லிமீட்டருக்கு ஸ்லிப் கேஜ் அடுக்குவார்கள். அந்தக் கருவியின் பெயரிலேயே கணக்கு எழுதியிருக்கிறது. பெயரைத் தினமும் சொல்கிறவரிடம் அதன் அர்த்தத்தை யாரும் சொன்னதில்லை.

அட்டவணை மோசமான நூல் என்று நான் சொல்ல வரவில்லை. காரின் கைடும், கணக்கதிகாரமும், எண்சுவடியும், சுவரில் ஒட்டிய காகிதமும் ஒரே வம்சம். விலைக்குக் காகிதம் வாங்க முடியாமல் பலகையில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிய ராமானுஜனும் அந்த வம்சத்தில் ஒரு நூல் எழுதினார். அந்த நோட்டுகளின் இரண்டு வரிகளுக்கு நடுவே வரவேண்டிய வரிகளை எழுத புரூஸ் பெர்ன்ட்டுக்கு 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்கள் தேவைப்பட்டன. அதுவும் பலருடைய வேலையைச் சேர்த்துக்கொண்டு. விடை மட்டும் உள்ள புத்தகம் சாவதில்லை, யாராவது வந்து நடுவே எழுதுவதற்காகக் காத்திருக்கிறது.

தமிழில் இல்லாதது அந்த நடு வரிகள்தான். மேதையின் வாழ்க்கை வரலாறு இருக்கிறது, புதிர்ப் புத்தகம் இருக்கிறது, குறுக்குவழி கைடு இருக்கிறது. வேலைக்குப் போய் வருகிற முப்பது வயதுக்காரருக்கு, ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் இருக்கும் என்று தெரிந்து, அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் அறிவை மதித்து, துளை அட்டவணையில் தொடங்கி மெதுவாகக் கால்குலஸ் வரைக்கும் கூட்டிப் போகும் ஒரு புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பெண்கள் விடுதிகளில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குப் போகிற இருபது வயதுப் பெண்களையும் அந்தப் புத்தகம் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பிளஸ் டூவில் கணக்கு எடுத்து, நல்ல மார்க் வாங்கி, அதோடு நிறுத்த வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் பொறியியல் படித்துவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர்களாக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இருபடிச் சமன்பாடும் வகைக்கெழுவும் உங்களுக்கு இன்னும் முழுசாக மறந்திருக்காது. மொழிபெயர்ப்புக்கும் சிறுகதைக்கும் நாம் செலவிடும் உழைப்பில் கொஞ்சம் இங்கேயும் வரலாம். நல்ல உரைநடை எழுதத் தெரிந்தவர்களால் மட்டுமே எழுத முடிகிற நூல் இது. சூத்திரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'புரியலை, நடுவுல எழுது' என்று ஒருவர் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் பத்து வரி எழுதுகிறவர்கள்தான் வேண்டும்.